சிவப்பு உடை கறுப்பாகப் பதிந்தது ஏன்?

விக்டோரியா காலத்தின் தொடக்க ஒளிப்படங்களில் பெண்கள் எல்லோரும் ஏன் துக்க உடையிலேயே இருக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். துக்கம் காத்தவர்களும் அவர்களில் உண்டு; ஆனால் படத்தில் கறுப்பாகத் தெரியும் உடை நேரில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்திருக்கலாம்.

1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் முறையில், வெள்ளி பூசி மெருகேற்றிய செப்புத் தகட்டில் அயோடின் ஆவியைப் படியவிட்டு, ஒளி பட்டபின் பாதரச ஆவியால் உருவத்தை வெளிக்கொணர்ந்தனர். தகட்டில் உண்டாகும் வெள்ளி அயோடைடுப் படலத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதில் உருவம் பதிய ஓர் எலக்ட்ரான் விடுபட வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 2.8 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். ஊதா ஃபோட்டானிடம் (ஒளித்துகளிடம்) அது உண்டு, சிவப்பு ஃபோட்டானிடம் 2கூட இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் கேட்கும் எடை இயந்திரத்தில் ஒரு ரூபாய் நாணயங்களை எத்தனை போட்டாலும் சீட்டு வராததுபோல, சிவப்பொளியை எவ்வளவு கொட்டினாலும் தகட்டில் எதுவும் நடக்காது. ஒளி வினைபுரிந்த இடம் படத்தில் வெளுப்பாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தெரியும். அதனால் வெளிர்நீல உடை வெண்மையாகப் பதிந்தது. கன்னச் சிவப்பும் முகப்புள்ளிகளும் கருமை கொண்டன.

சிக்கல் அத்தோடு முடியவில்லை. முகம் தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால், அதற்குள் வெள்ளைச் சட்டையின் மார்புப் பகுதி அளவுக்கு மீறி ஒளிபட்டு, தகட்டில் நீலம் பாரித்துவிடும். ஆகவே வெள்ளையைத் தவிர்த்து அடர்நிறப் பட்டு உடுத்தி வருமாறு படமெடுப்போர் கேட்டுக்கொண்டனர். பட்டின் மடிப்புகளில் ஒளி மின்னும், கறுப்பு வெல்வெட்டிலோ மடிப்பே தெரியாது.

1841இல் ரிச்சர்ட் பியர்டு, லண்டன் ரீஜன்ட் தெருவிலிருந்த பாலிடெக்னிக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒளிப்படக்கூடம் திறந்தபோது, கூரைக்கு நீலக் கண்ணாடி பொருத்தினார். அமர்ந்திருப்பவரின் கண் கூசுவது அதனால் குறைந்தது. தகட்டுக்குத் தேவையான ஒளியோ பெரும்பாலும் குறையாமல் உள்ளே வந்தது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். புரோமின் போன்றவற்றின் ஆவியைச் சேர்த்துத் தகட்டின் வேகத்தைக் கூட்டிய பிறகும் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டியிருந்ததால், தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை நிறுத்தினர். இத்தாங்கியைக் காட்டி, பிணங்களை நிற்க வைத்துப் படமெடுத்தார்கள் என்று இணையத்தில் பரப்புவது வெறும் கட்டுக்கதை. உயிருள்ளவரின் தலை ஆடாமல் பிடிக்குமேயன்றி, உடலின் எடையை அது தாங்காது. இறந்தோரைப் படமெடுத்தது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் படுத்த நிலையில்.

உடையின் நிறத்தை மாற்றச் சொல்வதை விட்டு, தகட்டுக்கே சாயம் சேர்க்கலாம் என்று 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் கண்டறிந்தார். சாயம் பச்சை ஒளியை உறிஞ்சி வெள்ளி உப்புக்கு ஆற்றலைக் கடத்தியது. சிவப்பையும் உணரும் தகடுகள் கடைகளுக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.