பழைய வேனில் கேஸ் ஹீட்டர்: தீ மூச்சுவிடும் காற்று வேறு, ஆள் மூச்சுவிடும் காற்று வேறு

வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டரைப் பற்றி எழுதினால் சிரிப்புதான் வரும். ஆனால் பழைய மெட்டடோரையோ டெம்போ டிராவலரையோ படுக்கை, அடுப்பு வைத்து கேம்பராக மாற்றுகிறவர்கள் வேலூரில் தூங்குவதற்காக மாற்றுவதில்லை. ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல், துணிந்தவர்கள் லடாக் என்று கிளம்புகிறார்கள். கிளம்புமுன் பட்டறைக்கு வந்து "ஒரு கேஸ் ஹீட்டர் மாட்டிக் கொடுங்க" என்கிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் ஆன்லைனில் வாங்கிய, முன்பக்கம் சிவப்பாக எரியும் அறை ஹீட்டர்.

அதை வேனில் மாட்டக்கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் கூடாது. "தூங்கறதுக்கு முன்னாடி அணைச்சிடுவோம்" என்பதையும் நம்ப முடியாது. குளிரில் கண் சொக்கும்போது எழுந்து போய் அணைக்கிறவர் குறைவு.

காரணம் எளிய கணக்கு. 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் கேஸ் குடிக்கும். அது முழுதாக எரிய இரண்டு கனமீட்டர் காற்று வேண்டும். மெட்டடோரின் பின்பகுதியில் இருப்பது எட்டு, பத்து கனமீட்டர்தான். புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் நாம் சுவாசிக்கும் அதே காற்றில் எரிந்து, கழிவையும் அதற்குள்ளேயே விடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. கேஸில் கலக்கும் அந்த நாற்ற மருந்து எரிந்து போய்விடுவதால் மூக்கும் காட்டிக்கொடுக்காது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் சுற்றுலா சென்ற கேரளத்தவர் எட்டுப் பேர் விடுதி அறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கி இறந்தார்கள். அது அறை. வேன் அதைவிடச் சின்னது.

இத்தகைய ஹீட்டர்கள் பலவற்றில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு இருப்பது உண்மை. அது ஆக்சிஜனைப் பார்க்கிறதே தவிர மோனாக்சைடை அளப்பதில்லை. பர்னரில் தூசி அடைத்தாலோ சிலந்தி வலை பின்னினாலோ, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே மோனாக்சைடு வரும். இன்னொரு தொல்லை, தண்ணீர். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஒரு இரவு முழுக்க எரித்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் குளிர்ந்த தகட்டின் உட்புறம் வடியும். முப்பது வருட வண்டிக்குத் துரு பிடிக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

வேனுக்கு ஏற்றது உள்காற்றைத் தொடாத மூடிய ஹீட்டர் மட்டுமே. எரிவதற்கான காற்றை ஒரு குழாய் வழியாக வெளியிலிருந்து இழுக்கும். புகையை இன்னொரு குழாய் வழியாக வெளியே தள்ளும். உள்ளே வருவது, தீயின் சூட்டை மட்டும் கடத்தும் வெப்பமாற்றியின் மேல் ஓடிச் சூடான காற்று மட்டும். ப்ரோபெக்ஸ், ட்ரூமா போன்ற வெளிநாட்டுத் தயாரிப்புகள் இந்த வகை.

எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன் வண்டியின் உட்புறம் வெப்பம் கடத்தாத உறை போடுங்கள். 25 சதுர மீட்டர் வெறும் தகடு, வெளியே 3 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்றால் ஏறக்குறைய 2 கிலோவாட் வெப்பம் தகடு வழியாகவே ஓடிவிடும். 25 மி.மீ. ஃபோம் ஒட்டி, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டால் அதில் பாதிகூடத் தேவைப்படாது. வருடத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் மலையில் தங்குபவருக்கு நாங்கள் சொல்வது, ஃபோமும் நல்ல கம்பளியும் போதும், ஹீட்டரே வேண்டாம்.

ஓட்டை வண்டி என்றால் காற்றோட்டம் இருக்கும்தானே?

இதுதான் அடிக்கடி கேட்கும் வாதம், ஆபத்தானதும் இதுதான். ஓட்டை வழியே காற்று எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது. ஹீட்டரின் புகைக்குழாயும் தரைக்கு அடியில்தான் முடிகிறது. தரை துருப்பிடித்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மூடிய ஹீட்டரும் திறந்த ஹீட்டர்தான்.

ஆகவே முதல் வேலை ஹீட்டரில் இல்லை, தரைத் தகட்டில். மேட்டையும் பிளைவுட்டையும் முழுதாகக் கழற்றுங்கள். இருட்டிய பிறகு வண்டிக்கு அடியில் ஒரு ஹாலஜன் விளக்கை வைத்து, உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் புகை வரும் இடம். துருவைத் தட்டினால் உதிரும் இடத்தில் பட்டியும் எம்-சீலும் வைத்து ஏமாற்றாமல், வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். பிறகு கதவு, ஜன்னலைச் சாத்தி, கூரை ஃபேனை வெளியே இழுக்கும்படி ஓடவிட்டு, ஊதுபத்தியைப் பெடல் ஓட்டைகள், கியர் லீவர் ரப்பர், இன்ஜின் மூடியின் பீடிங், வயர் போகும் ஓட்டைகள், பின்கதவு ரப்பர் ஆகிய இடங்களில் காட்டுங்கள். புகை உள்நோக்கி வளைந்தால் அங்கே கசிவு. ஹீட்டர் எரியும்போது, ஜன்னல் எல்லாம் மூடியிருக்க அந்தக் கூரை ஃபேனை ஓடவிடவே கூடாது. அது அடியிலிருக்கும் புகையைக் கைபிடித்து உள்ளே அழைத்துவரும்.

புகைக்குழாயை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், ஹீட்டருடன் வந்ததையே பயன்படுத்துங்கள். தரையைத் துளைக்கும் இடத்தில் இரும்புச் சட்டையும் சூடு தாங்கும் சீலும் வேண்டும். சாதாரண சிலிகான் காய்ந்து உதிர்ந்துவிடும். வெளிப்பக்கமாகச் சரிவு கொடுக்காவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கிக் குழாயை அடைக்கும். முனை வண்டியின் நடுவயிற்றில் நின்றுவிடாமல் ஓரம் வரை வரவேண்டும். அதற்கு மேலே திறக்கும் ஜன்னலோ கதவோ இருக்கக்கூடாது, காற்றை இழுக்கும் குழாயும் தள்ளியே இருக்கட்டும். மலையில் வண்டியை நிறுத்தும்போது அந்தப் பக்கம் மண்மேட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

சிலிண்டர் பெட்டி

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். புரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே சிலிண்டரைப் படுக்கைக்கு அடியில் தள்ளுவது கூடவே கூடாது. வண்டியின் உட்புறத்துக்கு முழுதாக அடைபட்ட, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் இரும்புப் பெட்டி வேண்டும். பெட்டியின் அடித்தளத்தில் ஓட்டை இருக்கவேண்டும். ஐரோப்பிய ஈ.என். 1949 தரம் தளப்பரப்பில் 2 சதவீதம், குறைந்தது 100 சதுர செ.மீ. கேட்கிறது. 8 செ.மீ. விட்டமுள்ள இரண்டு ஓட்டை போட்டால் 100 வந்துவிடும். எலி ஏறாமலிருக்க வலை அடித்தால் அந்த வலையே பரப்பைத் தின்னும் என்பதால் மூன்றாவது ஓட்டையும் போட்டுவிடுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம், சக்கரம் சேறு வாரி இறைக்கும் நேர்க்கோட்டிலும் வேண்டாம். சிலிண்டரை நிமிர்த்தியே வைத்து, மேலும் கீழும் இரண்டு பட்டையால் இறுக்குங்கள். சாய்ந்தால் ஆவிக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும்.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே. பெட்ரோல் பங்கிலும் ஏஜென்சியிலும் அடையாளச் சான்று காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் வேனுக்குச் சரியான அளவு. மணிக்கு 150 கிராம் கணக்கில் முப்பது மணி நேரத்துக்கு மேல் வரும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், இப்படி D வரை. பக்கத்திலிருக்கும் எண் வருடம். அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். கடைத்தெருவில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்குப் பிடித்துத் தரும் வேலை இன்னும் நடக்கிறது. எடை பார்க்காமல் விளிம்புவரை நிரப்பினால், திரவம் விரிய இடமில்லாமல் நம்மூர் மே மாத வெயிலிலேயே வால்வோ சிலிண்டரோ பிய்ந்துகொள்ளலாம்.

ரெகுலேட்டரில் நடக்கும் தப்பு தனி ரகம். வீட்டு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார். அமெரிக்க ஹீட்டர் கேட்பது 27 அல்லது 28, ஐரோப்பிய ஹீட்டர் 30 அல்லது 37. ஹீட்டரின் தகட்டில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் பொருத்துங்கள். "வேகமா எரியட்டும்" என்று டீக்கடை பட்டி அடுப்பின் ஹை-பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் பல மடங்கு அழுத்தம் போய் ஹீட்டரின் கேஸ் வால்வு உட்பக்கம் கிழியும். அதன்பின் அந்த வால்வு மூடியிருந்தாலும் கசியும்.

சிலிண்டரிலிருந்து பெட்டிச் சுவர் வரை கம்பி வலுவூட்டிய சுரக்ஷா டியூப். அதில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். சுவரைத் தாண்டியதும் 8 மி.மீ. காப்பர் பைப், ஒரே துண்டாக, நடுவில் இணைப்பில்லாமல். தகட்டைத் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட், அரை மீட்டருக்கு ஒரு கிளிப். பேட்டரி கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பிளம்பர் பழக்கத்தில், பைப்பின் விரித்த முனையை இறுக்கும் ஃப்ளேர் நட்டுக்கும் டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள். ஃப்ளேரில் உலோகமும் உலோகமும் நேராக உட்காரவேண்டும், டேப் போட்டால்தான் அது கசியும். ஹீட்டருக்குச் சற்று முன்பு கைக்கு எட்டும் ஒரு வால்வு.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒளிபுகும் டியூபை யு வடிவில் பலகையில் கட்டி, வண்ணத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு செ.மீ. நீர் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிபார். ஹீட்டருக்கு முன்பிருக்கும் அந்தக் கை வால்வை மூடிவிட்டு, சைக்கிள் பம்பால் பைப்பை மட்டும் 150 செ.மீ. வரை ஏற்றி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இறங்கினால் கசிவு. அந்தக் கை வால்வைத் திறந்து வைத்தபடி இந்த அழுத்தம் கொடுத்தால் ஹீட்டருக்குள் இருக்கும் கேஸ் வால்வு போய்விடும். அதன்பின் கேஸ் விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். தீக்குச்சி காட்டிப் பார்ப்பவர் இன்றும் இருக்கிறார்கள்.

மின்சாரத்துக்குத் தனி வயர், பேட்டரிக்கு அருகில் ஃப்யூஸ், எர்த்தும் பேட்டரிக்கே நேராக. துருப்பிடித்த பாடியை எர்த்தாக நம்பினால் வோல்டேஜ் இறங்கி, ஃபேன் மெதுவாகி, ஹீட்டர் நடுராத்திரியில் தானே அணைந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் திரும்பத் திரும்ப ரீசெட் அடிக்காதீர்கள். அது எதையோ சொல்ல முயல்கிறது.

வேலூரில் எரிந்தது ஊட்டியில் எரியாது

வேலூர் கடல்மட்டத்திலிருந்து 216 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், ஆனால் ஜெட் எனும் சிறு துளை விடும் கேஸ் ஏறக்குறைய அதே அளவு. தீ மஞ்சளாகி, கரி படிந்து, மோனாக்சைடு கூடும். தயாரிப்பாளர் எத்தனை மீட்டர் வரை அனுமதிக்கிறார் என்பதை வாங்கும்போதே கேளுங்கள். பட்டறை வாசலில் எரிந்துவிட்டது என்பதற்காக நேரே ஊட்டிக்குப் போகாமல், சுமார் 1,100 மீட்டரிலிருக்கும் ஏலகிரியில் ஒரு இரவு யாரும் தூங்காமல் எரித்துப் பாருங்கள்.

குளிர் இன்னொரு வேலையும் செய்யும். நம்மூர் எல்.பி.ஜி. புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. புரொபேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே நின்றுவிடும். முதலில் புரொபேன் ஓடிவிடுவதால், இரண்டாம் இரவு சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தும் தீ நோஞ்சானாகும். அப்போது சிலிண்டரை உள்ளே தூக்கி வருவதும், அடியில் வெந்நீர்ப் பாத்திரம் வைப்பதும் வேண்டாம். குளிர் இரவுகளுக்கு நிறைந்த சிலிண்டரோடு போங்கள்.

இரண்டு அலாரம் கட்டாயம். கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்தில், ஈ.என். 50291-2 என்று அச்சிட்டதாக. அந்தத் தரத்தில் 300 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு மோனாக்சைடு) வந்தால் மூன்று நிமிடத்துக்குள் அலறவேண்டும்.

அலாரம் அடிக்காவிட்டாலும் உடம்பு சொல்லும், ஆனால் நாம்தான் வேறு பேர் வைப்போம். தலைவலி, குமட்டல், அசதி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு இவை வந்தால் "மலை ஏறின கிறக்கம், படுத்தா சரியாயிடும்" என்றுதான் தோன்றும். ஒருவருக்கு மட்டும் என்றால் கிறக்கமாக இருக்கலாம். வேனில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் தெளிந்தால், அது புகைதான். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டி 98 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஒட்டியதாகவே எண்ணும். எல்லோரையும் வெளியே இழுத்து, சிலிண்டரை மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகவே "கேஸ் ஹீட்டர் எரிஞ்ச வண்டியில இருந்தோம்" என்று சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருக்கும் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள்.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். ஊர் திரும்பியதும் சிலிண்டரைக் கழற்றி நிழலான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது புகைக்குழாயில் குளவி மண்கூடு கட்டும். நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். முனைக்குத் துணி கட்டி, கட்டியதை மறக்காமலிருக்க ஹீட்டர் சுவிட்சில் ஒரு சிவப்பு ரிப்பன் முடிந்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் துணியை அவிழ்த்து, இரண்டு குழாயிலும் டார்ச் அடித்துப் பார்த்து, சோப்புத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்த பிறகே சிலிண்டரை மாட்டுங்கள்.