முருங்கையிலையும் பசளியும்: தட்டில் நிறுத்துப் பார்த்தால்

அண்மையில் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கிலிருந்து போசணை ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பப்பட்ட ஒருவர், மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், ஐந்து மாதம் நிறைந்தவர். அவருடைய ஈமோகுளோபின் அளவு 9.8 என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த மாதங்களில் அது டெசிலீற்றருக்கு 10.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் குருதிச்சோகை என்றே கொள்கிறோம். அட்டையை நான் மூடுவதற்கு முன்பே அவர் கேட்டார்: "நான் ஒவ்வொரு நாளும் முருங்கையிலைதான் சாப்பிடுறன் மிஸ். பசளியை விட அதிலதானே சத்துக் கூட? பிறகு ஏன் ரத்தம் குறையுது?"

திருகோணமலையில் இந்தப் பணியைச் செய்து வரும் காலம் முழுவதும் இதே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் கேட்டு வந்திருக்கிறேன். முருங்கை மரம் இல்லாத வளவு இங்கே குறைவு. பசளிப் பிடி இல்லாத மரக்கறிக் கடையும் குறைவு. ஆகவே, இந்த இரண்டையும் முறையாக ஒப்பிட்டு எழுதுவது பயனுடையது என்று நினைக்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்த வேண்டும். கைப்பேசியில் 'ஸ்பினாச்' என்று தேடிப் படித்துவிட்டு, அந்தச் சத்துக்கள் அனைத்தும் நம் பசளியில் இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். குளிர் நாடுகளில் விளையும் ஸ்பினாச் வேறு தாவரம். நம் வேலியில் படர்கிற, தடித்த இலையும் வழுவழுப்பும் கொண்ட கொடிப்பசளி வேறு தாவரம். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையின்படி 100 கிராம் பச்சை ஸ்பினாச்சில் 2.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதே அளவு கொடிப்பசளியில் 1.2 மில்லிகிராம்தான் உண்டு. பெயர் மாறிப்போனதால் இரும்பின் கணக்கு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிழைத்துவிடுகிறது.

இனி முருங்கையிலைக்கு வருவோம். அதே அட்டவணையில் 100 கிராம் பச்சை முருங்கையிலையில் 9.4 கிராம் புரதமும், 185 மில்லிகிராம் கல்சியமும், 4 மில்லிகிராம் இரும்பும் காட்டப்பட்டுள்ளன. கொடிப்பசளியில் புரதம் 1.8 கிராம், கல்சியம் 109 மில்லிகிராம். இந்த வரிகளை மட்டும் படிப்பவர் முருங்கைக்கே வெற்றி என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் பசளியின் பக்கத்திலும் சொல்ல நிறைய உண்டு. போலேற்று என்ற விற்றமின் பசளியில் 140 மைக்கிரோகிராம், முருங்கையில் 40 மட்டுமே. விற்றமின் சீ பசளியில் 102 மில்லிகிராம், முருங்கையில் ஏறத்தாழ 52. விற்றமின் ஏ இரண்டிலும் ஏறக்குறைய சமமே: பசளியில் 400 மைக்கிரோகிராம், முருங்கையில் 378. இந்த எண்கள் கல்லில் பொறித்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த அட்டவணை முருங்கையிலையின் கல்சியத்தை 440 மில்லிகிராம் என்று தருகிறது. மண், இலையின் முதிர்ச்சி, பறித்த பருவம், சோதித்த முறை ஆகிய அனைத்தும் எண்ணை மாற்றும்.

எண்களை விடவும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 100 கிராம் முருங்கையிலையை ஒரு வேளையில் சாப்பிடுபவர் யார்?

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு நாள் என் வீட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். வளவு மரத்தில் முறித்த கொப்புகளை வெள்ளைத் துணியில் விரித்து, காம்பு நீக்கி, பழுத்த இலைகளைக் கழித்து, உருவி எடுத்தபோது ஒரு சிறு குன்றுபோல நிறைந்து கிடந்தது. தராசில் வைத்தால் அது 120 கிராம்தான். அரை மணி நேர வேலை. தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சுண்டிய பின் நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி வந்தது. அதாவது ஒருவருக்கு 30 கிராம் பச்சை இலை. மறுநாள் சந்தையில் வாங்கிய இரண்டு பிடி பசளியைத் துப்புரவாக்கி, தடித்த தண்டை நீக்கி நிறுத்தேன்: 400 கிராமுக்குச் சற்றுக் கூட இருந்தது. பருப்புப் போட்டுக் கடைந்தபோது அது சட்டியின் அடியில் ஒடுங்கிப்போய், அதே நான்கு பேருக்குத் தாராளமாகவும் இல்லாமல் குறைவாகவும் இல்லாமல் சரியாக இருந்தது. பசளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு நீர் என்பதால், நாம் அறியாமலே அதை மூன்று மடங்கு கூடுதலாகச் சாப்பிடுகிறோம்.

இப்போது கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 30 கிராம் முருங்கையிலையில் இரும்பு 1.2 மில்லிகிராம், 100 கிராம் பசளியிலும் இரும்பு 1.2 மில்லிகிராம். தட்டுக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. புரதத்தில் முருங்கை இன்னும் முன்னேதான் நிற்கிறது, ஆனால் இடைவெளி ஒரு கிராமாகச் சுருங்கிவிட்டது. போலேற்றிலோ பசளி பத்து மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. கருவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் முதல் வாரங்களில் போலேற்று இன்றியமையாதது என்பதால், பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் பெண்களிடம் பசளியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு. போலேற்றும் விற்றமின் சீயும் நீரில் கரைவன, நெடுநேர வெப்பத்தில் அழிவன. ஆகவே, அரிந்த பிறகு கழுவாமல் முழு இலையாகக் கழுவி, பருப்பு வெந்த பிறகு கடைசியில் பசளியைச் சேர்த்து, சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும்.

கல்சியத்தைப் பற்றி வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலையில் இருப்பது முழுவதும் உடலுக்குள் போவதில்லை. ஸ்பினாச்சில் உள்ள கல்சியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே மனித உடல் உறிஞ்சுகிறது. பாலில் அது நூற்றுக்கு இருபத்தேழு பங்கு அளவு. காரணம், ஒக்சலேற்று என்ற பொருள் கல்சியத்தோடு பிணைந்து கரையாத உப்பாகிவிடுவதுதான். நம் கொடிப்பசளியிலும் ஒக்சலேற்று கணிசமாக இருக்கிறது. முருங்கையிலும் அது இல்லாமல் இல்லை. எனவே கல்சியத்துக்காக இந்த இரண்டு இலைகளையும் நம்பியிருப்பது சரியல்ல. கடல் சூழ்ந்த ஊரில் வாழும் நமக்கு முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலியும், சட்டித் தயிரும் எட்டாத பொருட்கள் அல்ல.

மூதூர்த் தாயின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவர் எதைச் சாப்பிட்டார் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டேன். மதியம் சோறும் முருங்கையிலைச் சுண்டலும். சாப்பிட்டுக் கை கழுவியதும் சீனி போட்ட ஒரு கோப்பை பிளேன்ரீ, அதாவது பால் சேர்க்காத தேநீர். அந்தப் பிளேன்ரீயோடு கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையும், மறந்துவிடக் கூடாதென்று அதே நேரத்தில் கல்சியம் மாத்திரையும். அவர் எதையும் தவறவிடவில்லை. சொன்ன அனைத்தையும் கவனமாகச் செய்திருக்கிறார். ஆனால் இலையிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒரு பகுதி இரும்பைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயம் அந்தக் குறைந்த அளவையும் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடும். கல்சியம் மாத்திரை ஒரே நேரத்தில் போனால் இரும்பு மாத்திரையின் பயனும் குறையும். இதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையில் வருத்தமாக இருந்தது. மாத்திரையைக் கொடுக்கிற கை, அதை எந்த நேரத்தில் எதனோடு விழுங்க வேண்டும் என்பதையும் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும்.

அவருடைய சாப்பாட்டில் நான் இலையை மாற்றவில்லை. பிளேன்ரீயைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொன்னேன். சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பாதித் தேசிக்காயைப் பிழியச் சொன்னேன். விற்றமின் சீ இலையின் இரும்பை உடல் உறிஞ்சக்கூடிய வடிவத்தில் வைத்திருக்க உதவும், அதைச் சூட்டில் இட்டுக் கொதிக்க வைத்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். அதே தட்டில் சிறு துண்டு மீன் இருந்தால் இலையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும் என்பதால், சூடையோ சாளையோ கிடைத்த நாளில் முருங்கையிலையோடு சேர்த்துச் சாப்பிடச் சொன்னேன். இரும்பு மாத்திரை ஒரு வேளை, கல்சியம் மாத்திரை வேறொரு வேளை. கர்ப்ப காலத்தில் நாளொன்றுக்குத் தேவையான இரும்பு 27 மில்லிகிராம் அளவு என்பதால், 1.2 மில்லிகிராம் தரும் இலை மாத்திரைக்கு மாற்றாகாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

நம்மவர்களிடையே முருங்கையிலை 'சூடு', பசளி 'குளிர்மை' என்ற பகுப்பு உறுதியாக இருக்கிறது. தடிமன் பிடித்த பிள்ளைக்குப் பசளி கொடுக்க மாட்டார்கள். கர்ப்பிணிக்கு முருங்கையைச் சில வீடுகளில் குறைப்பார்கள். மாமியாரும் பெரியம்மாவும் சொல்வதை எதிர்த்துப் பேசும்படி எந்தப் பெண்ணிடமும் நான் சொல்வதில்லை. ஒன்றைத் தவிர்ப்பவர் மற்றதைச் சாப்பிடட்டும். பிள்ளை பெற்ற பிறகு பத்தியம் என்ற பெயரில் இரண்டையும் மாதக்கணக்கில் நிறுத்திவிடுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாலூட்டும் தாய்க்கு விற்றமின் ஏயின் தேவை கர்ப்ப காலத்தை விடவும் அதிகம். இரண்டு இலைகளிலும் உள்ள கரற்றின் உடலில் விற்றமின் ஏயாக மாறும். அதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும், அந்தக் கொழுப்பை நம் தேங்காய்ப்பூவும் தேங்காய்ப்பாலும் ஏற்கெனவே தந்துவிடுகின்றன.

முருங்கையிலைத் தூளைப் பற்றியும் கேட்கிறார்கள். பாலை விடப் பதினேழு மடங்கு கல்சியம் என்று அதன் பொதியில் எழுதப்பட்டிருக்கும். அது 100 கிராம் உலர்ந்த தூளை 100 கிராம் பாலோடு ஒப்பிட்ட கணக்கு. 100 கிராம் தூளில் 2000 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் எடுப்பது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 3 கிராம். அதில் 60 மில்லிகிராம். ஒரு கோப்பை பாலில் 240 மில்லிகிராம். வளவில் மரம் நிற்கும்போது தூளுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வாடையோடு வரும் மாரி மழையில் பாத்திகள் வெள்ளத்தில் நிற்க, பசளி அழுகி விலையும் ஏறிவிடும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களிலோ நாள்தோறும் நீரூற்றாவிட்டால் கொடி வாடிவிடும். முருங்கை வெயிலைத் தாங்கிக்கொண்டு நிற்கும்; வேரில் நீர் தேங்காத இடத்தில் நட்டால் மாரியையும் தாங்கும். கிணற்று நீர் குறைந்த வீடுகளுக்கு நான் முருங்கையையே முதலில் நடச் சொல்வதற்கு அதன் சத்து மட்டும் காரணமல்ல.

சிலருக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. பதவி சிறிபுர என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் சிறுநீரக நோயாளருள் குருதியில் பொற்றாசியம் கூடியவர்களுக்கு, 100 கிராமில் 510 மில்லிகிராம் பொற்றாசியம் உள்ள பசளியை நிறைய நீரில் அவித்து, அந்த நீரை வடித்துக் கொட்டிய பிறகு சிறிதளவே சாப்பிடச் சொல்கிறோம். விற்றமின்களும் அந்த நீரோடு போய்விடும், ஆனால் அவர்களுக்குப் பொற்றாசியமே முதல் ஆபத்து. சிறுநீரகத்தில் ஒக்சலேற்றுக் கல் வந்தவர்கள் பசளியைக் குறைத்து, சாப்பிடும் நாளில் அதே வேளையில் தயிரும் சேர்த்துக்கொண்டால், ஒக்சலேற்று குடலிலேயே கல்சியத்தோடு பிணைந்து வெளியேறும். இருதய வால்வுச் சத்திரசிகிச்சைக்குப் பின், குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் என்ற மருந்தை எடுப்பவர்கள் கீரையை முற்றாக விட்டுவிட வேண்டியதில்லை; பச்சை இலைகளில் உள்ள விற்றமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வதால், ஒரு வாரம் நாள்தோறும் சாப்பிட்டு அடுத்த வாரம் நிறுத்துவதுதான் ஆபத்து. ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டு, அந்த அளவைக் குருதிப் பரிசோதனைக்குப் போகும்போது வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.