கிடைமாட்டு வீட்டுப் பெண், கீதாரி வீட்டுப் பையன்

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு மேய்ச்சல் தகராறு புதிதல்ல. கண்மாய்க்குள் யார் முதலில் இறங்குவது, அறுத்த வயலில் யாருடைய கிடையை (உரத்துக்காக இரவில் வயலில் தங்கவைக்கும் மந்தை) அமர்த்துவது என்று தொடங்கி, மண்டை உடைந்து, இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். பதிவாகி நிற்கும். மந்தையாக மாடு மேய்ப்பது கிடைமாட்டு வீடு, செம்மறி மேய்ப்பது கீதாரி வீடு. அப்படிப்பட்ட இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பெண்ணும் பையனும் விரும்பிவிட்டால் என்னென்ன நடக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பகையைப் புரிந்துகொள்ள வேண்டும். மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்துத் தின்னும். அதற்குப் புல் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். செம்மறி உதட்டால் தரையோடு தரையாகக் கறும்பிவிடும். பெரிய ஆட்டு மந்தை ஒன்று போய்விட்ட இடத்தில் கிடைமாட்டுக்காரர்களின் புலிக்குளம் இன மாடுகளுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மேய்ச்சல் நிலம் தாராளமாக இருந்தவரை இது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. இப்போது கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் உள்ளே மேய்க்க முடியாது. கிடை போட்டால் விவசாயி கொடுக்கும் பணத்துக்கும் போட்டி. போதாததற்குக் கோமாரி வந்தால், "ஒங்க ஆடுதான் கொண்டாந்துச்சு" என்று ஒரு பக்கம், "ஒங்க மாட்டுலேருந்துதான் வந்துச்சு" என்று இன்னொரு பக்கம். இரண்டு கால்நடைக்கும் அந்த நோய் வரும் என்பதால் இந்தப் பழி தீர்வதே இல்லை.

என்னிடம் வந்த ஒரு ஜோடியில் பெண் கிடைமாட்டு வீடு, பையன் கீதாரி வீடு. சாதி ஒன்றுதான், தூரத்து உறவுகூட. பெண் வீட்டை விட்டு வந்த அன்றே, பையனின் அப்பா, சித்தப்பா, மாமன் எல்லோர் பெயரையும் போட்டுக் கடத்தல் புகார் கொடுத்துவிட்டார்கள். பழைய அடிதடி வழக்கில் இருந்த அதே பெயர்கள். பாதுகாப்பு கேட்டு நாங்கள் மனுவோடு போனபோது காவல் நிலையத்தில் கிடைத்த பதில்: "ஒரே சாதிதானே மேடம், பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சுக்கச் சொல்லுங்க."

இந்த எண்ணம் தவறு, ஆபத்தானதும்கூட. பாதுகாப்பு கேட்கும் உரிமை சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலில், சாதி, மத மறுப்புத் திருமணத்தோடு, குடும்பமோ ஊரோ எதிர்க்கும் வேறு எந்தத் திருமணமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. இன்னும் கல்யாணம் ஆகாத, எதிர்ப்பில் இருக்கும் ஜோடிகளும் அதில் உண்டு. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பெயரளவுக் கட்டணத்தில் முதலில் ஒரு மாதமும் தேவைப்பட்டால் நீட்டித்து அதிகபட்சம் ஒரு வருடமும் தங்கப் பாதுகாப்பு இல்லம் என்று அது விரிகிறது. தமிழ்நாட்டில் சிறப்புப் பிரிவு அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2016லேயே சொல்லிவிட்டது. மனுவில் "எங்கள் குடும்பங்களுக்கிடையே ஏற்கெனவே இந்த எண்ணுள்ள வழக்குகள் உள்ளன" என்று எழுதி, அந்த எஃப்.ஐ.ஆர். நகல்களை இணையுங்கள். பகைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வயதைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. பெண்ணுக்கு ஒரு மாதம் குறைந்தாலும் எதிர்த்தரப்பு முதலில் கையிலெடுப்பது சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தைத்தான். காத்திருங்கள்.

இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, அல்லது தாலி கட்டி, மணம் முடிக்கலாம். ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மதம் வேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு பொதுப் பார்வைக்கு வரும் என்பதால், அந்த ஒரு மாதம் எங்கே தங்குவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, என்னை மிகவும் வருத்துகிற விஷயம். இந்தக் காதலை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ராஜிப் பேச்சுக்குள் இழுக்கிறார்கள். "பொண்ணைத் திருப்பி அனுப்பு, கேஸை வாபஸ் வாங்குறோம்" என்பார்கள். சில சமயம் தலைகீழாக, "கட்டிக்கொடுத்துடுறோம், கண்மாயை எங்களுக்கு விட்டுடு". கேட்க நல்லதுபோலத் தெரியும் இரண்டாவதற்கும் நான் சம்மதிப்பதில்லை. அடுத்த கோடையில் மேய்ச்சல் தகராறு மறுபடி வரும். அப்போது பழி முழுக்க மருமகளாகப் போன அந்தப் பெண் தலையில் விழும். மேய்ச்சல் வழக்கு அதன் வழியில் போகட்டும், திருமணம் அதன் வழியில் போகட்டும். இரண்டுக்கும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜோடிகள் பெரும்பாலும் யோசிக்காத ஒன்று உண்டு. நீங்கள் பாதுகாப்பு இல்லத்தில் இருப்பீர்கள். பையனின் அப்பா எங்கே இருப்பார்? ஆடுகளை ஓட்டிப்போன இடத்தில், தஞ்சாவூர் பக்கம் ஏதோ ஒரு வயலில், கிடைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். கதவும் இல்லை, பூட்டும் இல்லை. கோபத்தோடு வருகிறவர்களுக்கு எளிதில் கிடைப்பவர் அவர்தான், அவருடைய ஆடுகள்தான். எனவே பாதுகாப்பு மனுவைச் சொந்த ஊர்க் காவல் நிலையத்தோடு நிறுத்தாமல், கிடை இப்போது இருக்கும் மாவட்டத்தின் எஸ்.பி.க்கும் கொடுங்கள். கிடை இடம் மாறினால் அதையும் எழுதித் தெரிவியுங்கள். தாக்குதல் நடந்தால், எந்த ஊர் எல்லை என்று அலையாமல் அருகிலுள்ள நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதுவரை அப்பாவோடு இன்னும் இரண்டு ஆட்கள் கிடையில் தங்கட்டும்.

பெண்ணை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்டு, பெண் வீட்டார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டால் பயந்து ஒளியாதீர்கள். நீதிபதி முன்னால் போய், வயதுச் சான்றின் அசலைக் காட்டி, சொந்த விருப்பத்தில் வந்தேன் என்று பெண் சொன்னால் போதும். அதற்கு, வயதுக்கு மார்க் ஷீட், அடையாளத்துக்கு ஆதார், இரண்டின் அசலும் கையில் இருக்க வேண்டும். வீட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாத நிலை என்றால் 181 (பெண்கள் உதவி எண்) அல்லது 112 (அவசர உதவி எண்) அழையுங்கள்.