இஷ்கரெட் போகிறீர்களா? கிரீமுக்கு முன் சட்டை

போன வாரம் ஒரு அம்மா வந்திருந்தார். டெக்சாஸில் இருக்கும் மகளோடு மெக்சிகோ போகிறாராம். "அங்கே ஒரு பூங்கா வாசலில் நம் சன்ஸ்கிரீனை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே டாக்டர், எனக்கு முகத்தில் மங்கு இருக்கே?" என்று கவலைப்பட்டார்.

அவர் சொன்னது இஷ்கரெட். யுகடான் கடற்கரையில், ப்ளாயா டெல் கார்மென் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இது மாயா மக்களின் 'போலே' என்ற துறைமுகம். கொசுமெல் தீவில் இஷ்செல் தெய்வத்தை வணங்கப் போகிறவர்கள் இங்கிருந்துதான் படகேறினார்கள். பிள்ளைப்பேறும் வைத்தியமும் அவள் பொறுப்பு. 1990-ல் இந்த இடம் சூழல் சுற்றுலாப் பூங்காவானது. பழைய கல் கட்டடங்கள் உள்ளே இன்றும் நிற்கின்றன. ஆனால் பலரும் போவது நிலத்தடி ஆற்றில் மிதக்கத்தான்.

அந்த ஆற்றுக்காகத்தான் கிரீமை வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. தரைமேல் ஆறே இல்லை என்று சொல்லலாம். பெய்யும் மழை வெடிப்புகள் வழியாக இறங்கி, மண்ணில் சரியாக வடிகட்டப்படாமலே கடலுக்குப் போய்விடும். நம் உடம்பிலிருந்து கரைவதும் அதே வழியில் போகும். அங்கே சுமார் 1000 கிலோமீட்டர் நீளப் பவளத்திட்டு இருக்கிறது. சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு ரசாயனங்களும் இளம் பவளத்தைப் பாதிப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இவை கலந்த கிரீம்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. பவளத்துக்குப் பெரிய எமன் கடல் சூடாவதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சின்னக் கெடுதலை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

தோல் மருத்துவராக நான் பார்ப்பது வேறொன்று. போட வேண்டிய அளவில் பாதிகூட யாரும் போடுவதில்லை. அதுவும் தண்ணீரில் பாதி போய்விடும். அப்புறம் பிடரியும் கெண்டைக்காலும் கன்றிப்போய் வருவார்கள். முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும் கரைந்து போகாது. அதனால் சட்டைதான் முதலில்.

ஆற்றில் பெரும்பகுதி பாறைக் கூரைக்கு அடியில்தான் ஓடுகிறது. ஆகவே காலையில் கிரீமே இல்லாமல் அதை முடித்துவிடுங்கள். வெளியே வந்து, இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்பும்போது முகம், காது, புறங்கால்களில் பூசுங்கள். 'பயோடிகிரேடபிள்' (மட்கிப் போகும்) என்ற முன்பக்க எழுத்தை மட்டும் நம்பாமல் டியூபைத் திருப்பிப் பாருங்கள். வெயிலைத் தடுக்கும் பொருளாக ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ மட்டும் இருந்தால் சரி. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயம் உள்ள வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்க வைக்கும், சாதா கிரீம் அதைத் தடுக்காது.

அந்த அம்மாவுக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன், கூடவே அகல விளிம்புத் தொப்பியும். திரும்பி வந்ததும் முகத்தை ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறேன்.