மலையாற்று நீரின் வெப்பக் கணக்கு

செட்டிநாட்டுக்கென்று மலையாறு கிடையாது. தேனாறும் விருசுழியும் பாம்பாறும் மணிமுத்தாறும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடிவிட்டு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. ஊருணியையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழப் பழகிய நிலம் இது. ஆகவே காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மக்கள் மலையாற்றைப் பெரும்பாலும் விருந்தாளிகளாகச் சென்றுதான் காண்கிறார்கள். ஆனி, ஆடியில் குற்றாலம், பள்ளி விடுமுறையில் கும்பக்கரை, காசி யாத்திரையை நீட்டித்துக்கொள்பவர்களுக்கு அரித்துவாரமும் பத்ரிநாத்தும். கத்திரி வெயிலில் அரித்துவாரப் படித்துறைக் கல் காலைச் சுடும்போது கங்கை மட்டும் ஏன் விறைக்கவைக்கிறது என்ற கேள்வி அங்கே நின்ற எல்லாருக்கும் எழுந்திருக்கும். ‘மலைத் தண்ணீர் அப்படித்தான்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே ஆறு ஒரே இடத்தில் காலையில் ஒரு வெப்பநிலையிலும் மாலையில் வேறொன்றிலும் இருப்பதையும், மழை நாளில் மூன்றாவதாக ஒன்றைக் காட்டுவதையும் அந்த விடை விளக்காது.

ஆற்று நீரின் வெப்பநிலை நாம் நிற்கும் கரையின் இந்த நேரத்து வானிலையை மட்டும் காட்டுவதில்லை. அந்த நீர் எங்கே பிறந்தது, எந்த வானத்தின் கீழ், எவ்வளவு நேரம் ஓடி வந்தது என்பதையே முதன்மையாகக் காட்டுகிறது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன இடத்தில் கிளைக் கடைக்குத் தனிப் பேரேடு வைத்து, ஒவ்வொரு காசுக்கும் வரவும் பற்றும் எழுதிய ஊர்க்காரர்களுக்கு இதை அந்த முறையிலேயே சொல்லலாம். ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் வெப்ப வரவு உண்டு, வெப்பச் செலவு உண்டு, புறப்படும்போது கையில் இருந்த முதலும் உண்டு.

வரவில் பெரியது சூரிய ஒளி. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மீது ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. அடுத்து வானமும் மரக்கிளைகளும் பாறைகளும் வீசுகிற அகச்சிவப்புக் கதிர். நீரைவிடக் காற்று சூடாக இருந்தால் அதிலிருந்து வந்துசேரும் வெப்பம். ஆற்றுப் படுகையிலிருந்து ஏறுகிற சிறு அளவு. செலவில் பெரியவை இரண்டு: நீர் தானே வானை நோக்கி வீசும் அகச்சிவப்புக் கதிர், ஆவியாதல். காற்றின் பங்கு பலர் எண்ணுவதைவிடச் சிறியது. ஒரு கன மீட்டர் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம், அதே கன அளவுள்ள காற்றுக்குத் தேவையானதைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். சூடான காற்று மேலே வீசினால் ஆறும் உடனே சூடாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆழம் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம். நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு, செலவு போக 800 வாட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் அளவுக்கும் குறைவாக 30 செ.மீ. ஆழத்தில் ஓடும் நீர் 1 டிகிரி சூடேற ஏறத்தாழ 26 நிமிடம் போதும். ஒரு மீட்டர் ஆழமென்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று மீட்டர் ஆழமென்றால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். பாறைமீது தகடுபோலப் பரவி ஓடும் கோடைக்கால ஓடை பிற்பகலில் வெதுவெதுப்பாவதும், அதே ஓடை மழைக்குப் பின் பெருகி ஓடும்போது நாள் முழுவதும் குளிர்ச்சி மாறாமல் இருப்பதும் இதனால்தான். சோலைக்காட்டு நிழலின் அருமையும் இங்கே விளங்கும். நிழல் காற்றைக் குளிர்விப்பதைவிட, வரவிலேயே பெரிய தொகையை வாசலில் நிறுத்திவிடுகிறது.

இனி முதலுக்கு வருவோம். நம் கிணறுகளே இதற்கு நல்ல சான்று. மார்கழி விடியலில் இறைத்த கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை நண்பகலில் இறைத்த நீர் குளிர்ச்சியாகவும் படுகிறது; மாறுவது காற்றும் நம் தோலும்தான், கிணற்று நீர் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணை நாளின் வெப்ப ஏற்ற இறக்கமும் பருவத்தின் ஏற்ற இறக்கமும் எட்டுவதில்லை. அங்குள்ள நீர் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். இந்த விதி மலைக்கும் பொருந்தும். மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல் மலையின் ஊற்றுகள் சமவெளிக் கிணற்று நீரைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குளிர்ந்த முதலோடு புறப்படுகின்றன. அந்த மலைச்சரிவில் இறங்கும் நீர் கும்பக்கரையை அடையச் சில மணி நேரமே போதும். வழியெல்லாம் காடு, செங்குத்து, வேகம். சூடேற அவகாசம் இல்லாமலே அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் மழை பெய்யாதபோதும் இத்தகைய ஓடைகள் குளிர்ந்தே ஓடுவதற்குக் காரணம் மண்ணுக்குள்ளிருந்து கசிந்துவரும் இந்த நீர்தான். முந்தைய பருவத்து மழையைச் சோலையும் புல்வெளியும் உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன.

அருவி நீர் உயரத்திலிருந்து விழுவதால் குளிர்கிறது என்று சொல்வோர் உண்டு. விழுதல் என்ற செயல் தன்னளவில் நீரைச் சூடாக்கவே செய்கிறது. வெப்பமும் இயக்கமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று நிறுவ முனைந்த ஆங்கில இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல், 1847இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குச் சென்றபோதும் கையில் நீண்ட வெப்பமானியோடு அருவியின் மேலும் கீழும் அளக்கக் கிளம்பியதாக, அங்கே அவரைத் தற்செயலாகச் சந்தித்த இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். (புதுமணப்பெண் என்ன நினைத்தார் என்பது பதிவாகியிருந்தால் அதுவும் சுவையாக இருந்திருக்கும்.) கணக்குப்படி நீர் சுமார் 427 மீட்டர் விழுந்தால்தான் 1 டிகிரி சூடேறும். குற்றாலப் பேரருவியின் ஏறக்குறைய 60 மீட்டர் வீழ்ச்சி தருவது ஏழில் ஒரு பங்கு டிகிரி மட்டுமே. அருவியில் அதைவிட வலிமையாக நடப்பது ஆவியாதல். நீர் திவலைகளாகச் சிதறும்போது காற்றைத் தொடும் பரப்பு பன்மடங்காகிறது. காற்று உலர்ந்திருந்தால் நீரில் நூற்றில் ஒரு பங்கு ஆவியானாலே போதும், எஞ்சிய நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துவிடும். நடைமுறையில் அவ்வளவு நீர் ஆவியாகச் சில நொடிகள் போதாது. ஆனாலும் இந்தச் செலவுக்கு முன் விழுவதால் வரும் வரவு ஒரு பொருட்டே அல்ல.

காற்று உலர்ந்திருந்தால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் குற்றாலச் சாரல் காலத்தில் அது உலர்ந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே மிச்ச ஈரத்தோடு இந்தப் பக்கம் நுழைகிறது. காற்றின் ஈரப்பதம் நிறைவை நெருங்கிய அந்த நாட்களில் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுபோகும். மேகம் பகலில் வெயிலைத் தடுக்கிறது. இரவில் அதே மேகம் நீர் வீசும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொண்டு தன் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. வரவும் குறைவு, செலவும் குறைவு. விழும் மழைத்துளியோ ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலையை, ஒட்டியே தரையைத் தொடுகிறது; நிறைவுற்ற காற்றில் அதுவும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றே. ஆகவே சாரல் நாளில் ஆற்று நீரும் காற்றும் மழையும் ஒன்றையொன்று நெருங்கிய வெப்பநிலையில் நாள் முழுவதும் பெரிய மாற்றமின்றி நிற்கின்றன. அப்படியும் நமக்கு நடுக்கம் எடுப்பது ஏனென்றால், நம் தோலின் வெப்பநிலை 33 டிகிரி அளவில் இருக்கிறது. நீர் காற்றைப்போல் 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அருவியோ தோலை ஒட்டிச் சூடான நீர்ப்படலம் உருவாகவே விடாமல் நொடிக்கு நொடி புது நீரைக் கொட்டுகிறது.

வானம் தெளிந்த பனிக்கால நாளில் நிலைமை நேர் எதிர். பகலில் வெயில் தடையின்றி இறங்குகிறது, இரவில் நீரின் கதிர் தடையின்றி வெளியேறுகிறது. மலைச்சரிவில் குளிர்ந்து கனத்த காற்று இரவெல்லாம் பள்ளத்தாக்கை நோக்கி வழிந்து ஆற்றின்மீது தேங்குகிறது. இத்தகைய நாட்களில் ஓடை நீர் விடியலை ஒட்டி மிகக் குளிர்ந்தும், நண்பகலில் அல்லாமல் பிற்பகல் மூன்று, நான்கு மணிவாக்கில் மிகச் சூடாகவும் இருக்கும். வெயில் உச்சத்தைத் தாண்டிய பிறகும் வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

இமயத்து ஆறுகளுக்குக் கணக்கில் இன்னொரு பெருந்தலைப்பு சேர்கிறது. அது பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டியை 0 டிகிரியிலேயே நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கலாம். பனியாற்றின்மீது, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளின்மீது, விழும் வெயில், வெப்பநிலையை ஒரு டிகிரிகூட உயர்த்தாமல், உருக்குவதிலேயே செலவாகிறது. உருகி வருவது 0 டிகிரியை ஒட்டிய நீர். கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பான கோமுகம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரிஷிகேசம் 350 மீட்டருக்கும் குறைவு. இடையில் ஏறக்குறைய 250 கி.மீ. ஓட்டம். வெயில் கடுமையாகும் நாட்களில்தான் உருகலும் மிகுகிறது, ஆறு பெருகி ஆழமாகவும் விரைவாகவும் ஓடுகிறது. ஆழம் கூடினால் சூடேறும் வேகம் குறையும் என்பதை மேலே கண்டோம். வேகம் கூடினால் வெயிலில் கழிக்கும் நேரமும் குறையும். அரித்துவாரத்துப் படித்துறை கொதிக்கும்போது கங்கை விறைப்பதற்கு இதுவே விடை. மேலே காய்கிற வெயில்தான் கீழே குளிர்ந்த நீரை அனுப்புகிறது.

பனியாற்று நீரோடைகளில் நாளின் ஏற்ற இறக்கத்துக்கும் தனி ஒழுங்கு உண்டு. நண்பகல் வெயிலில் உருகிய நீர் பனிக்கட்டியின் விரிசல்கள், சுரங்கங்கள் வழியே திரண்டு வெளிவரச் சில மணி நேரம் ஆகும். பனியாற்றின் முகப்பில் பிற்பகலுக்கு மேல் நீர் உயர்கிறது. கீழே தொலைவிலுள்ள ஊரை அதே உயர்வு இரவில் அடைகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஆறு மணி நேரத்தில் கடப்பது 22 கி.மீ. மட்டுமே. காலையில் எளிதாகத் தாண்டிப் போன ஓடையை மாலையில் தாண்ட முடியாமல் யாத்திரிகர்கள் திகைப்பது இதனால்தான். மழை ஒரு துளியும் பெய்திருக்க வேண்டியதில்லை. இதற்கு முற்றிலும் அப்பாற்பட்டது பத்ரிநாத்தில் அலக்நந்தாவின் கரையிலேயே இருக்கும் தப்த குண்டம். பூமிக்குள் ஆழத்தில் சூடேறி வரும் அந்த ஊற்றின் வெப்ப முதல், வானிலையிலிருந்து வந்ததே அல்ல.

அணைகள் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன. ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் மேலடுக்கு சூடாகவும் அடியடுக்கு குளிர்ந்தும் பிரிந்து நிற்கும். எந்த ஆழத்திலிருந்து மதகு நீரை எடுக்கிறது என்பதே கீழே ஓடும் ஆற்றின் வெப்பநிலையை முடிவுசெய்கிறது. கங்கையின் தலையாறான பாகீரதியில் 260 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் டெஹ்ரி போன்ற அணைக்குக் கீழே குளிப்பவர், மலையின் நேற்றைய வானிலையை அல்ல, தேக்கத்தின் பல வாரச் சேமிப்பைத் தொடுகிறார்.

குளிர்ந்த நீர் உயிர்களுக்குத் தருவது ஆக்சிஜன். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்த டிரவுட் மீன் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் நிலைத்ததற்கும், நம் கண்மாய்களில் அதை வளர்க்க முடியாததற்கும் இது ஒரு முதன்மைக் காரணம். குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும் விராலும் கெளுத்தியும் கண்மாய்க்குப் போதும், சமையலுக்கும் அவையே மேல் என்பது என் கட்சி.

மலையில் பிறந்த நீர் சமவெளியில் நெடுந்தொலைவு ஓடினால், வரவும் செலவும் சமனாகும் ஒரு வெப்பநிலையை நோக்கி நகர்கிறது. அதை அடைந்தபின் நீருக்கு மலையின் நினைவு இராது. உள்ளூர் வெயிலும் காற்றும் ஈரப்பதமும் சொல்வதே அதன் வெப்பநிலை. 1895இல் முடிந்த பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்படும் மலைநீர், வைகையில் கலந்து, வைகை அணையில் தேங்கி, கால்வாய்களில் நாள்கணக்கில் ஊர்ந்து, கடைமடைப் பக்கத்துக் கண்மாய்களை எட்டும்போது பக்கத்து ஊருணி நீரிலிருந்து அதைப் பிரித்தறிய எந்த வெப்பமானியாலும் முடியாது.

இந்தக் கணக்கைத் தாமே சரிபார்க்க விரும்புவோர், வெப்பமானியின் குமிழில் வெயில் நேராகப் படாதபடி, கரையோரத் தேக்கத்தைத் தவிர்த்து ஓடும் நீரில் அளந்து, கூடவே நேரத்தையும் மேகத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு அளவைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது.

அளக்காதவர்களும் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழுள்ள நீரில் திடீரென முழுகினால் நம்மையறியாமல் மூச்சு வேகமாக உள்ளிழுக்கப்படும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் நீரை உள்ளிழுத்துவிடுவார். கங்கையில் படியில் அமர்ந்து கைகால் நனைத்து, முகம் நனைத்து, பிறகு சங்கிலியைப் பிடித்து முழுகுவது உடலியல்படியும் சரியான முறை. இரண்டாவது, மலையாற்றின் வானிலை என்பது தலைக்குமேல் தெரியும் வானம் அல்ல, மேலே நீர்பிடிப்புப் பகுதியின் வானம். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் திரளாக மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும், மேலே மழை ஏற்கெனவே பெய்துவிட்டது என்று கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.