பக்கத்து மனையில் மால் வருகிறதா? யாரிடம், எந்தக் கட்டத்தில் கேட்பது

பழைய கல்யாண மண்டபத்தையோ தியேட்டரையோ இடித்துத் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே போர்வெல் லாரி நிற்கிறது. அன்று சாயங்காலமே தெருவின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். "மால் வந்தால் நம் வீட்டு விலை ஏறும்" என்று ஒரு கட்சி. "ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை, மழைக்கு முழங்கால் தண்ணீர் வேறு" என்று இன்னொரு கட்சி. பிறகு யாராவது கவுன்சிலரைப் பார்க்கப் போவார்கள்.

இந்தச் சண்டை பெரும்பாலும் நேரம் தவறி நடக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் அக்கம்பக்கத்தாரிடம் "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா" என்று கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. தகரம் அடிப்பதற்குள் அவை அநேகமாகக் கடந்துபோயிருக்கும். அதனால் ஒரு மால் எந்தெந்த வாசல்களைத் தாண்டி வருகிறது என்று தெரிந்துகொள்வது, மாலை ஆதரிப்பவர்களுக்கும் உதவும், எதிர்ப்பவர்களுக்கும் உதவும்.

மண்டலம்தான் முதல் கேள்வி

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடப்பட்ட ஊரில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஓர் உபயோகம், அதாவது மண்டலம், குறிக்கப்பட்டிருக்கும். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, திறந்தவெளி, விவசாயம் என்று இந்தப் பட்டியல் போகும். சென்னையில் இதைப் பார்ப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களில் பொதுவாக நகர் ஊரமைப்பு இயக்ககம். சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2026 வரைக்கும் என்று கணக்கிட்டுப் போட்டது. மூன்றாவதற்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மனை ஏற்கெனவே வணிக மண்டலத்தில் இருந்தால், அங்கே கடைகள் கட்டுவது உரிமையாளரின் உரிமை. விதிகளுக்கு உட்பட்ட வரைபடத்தை அவர் கொடுத்தால், "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அதை மறுக்க முடியாது. தெருவாசிகளுக்குக் கசப்பாக இருக்கும், ஆனாலும் உண்மை அதுதான்.

மண்டலம் வேறாக இருந்தால் கதை மாறுகிறது. உரிமையாளர் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாஸ்டர் பிளானையே அந்த சர்வே எண்ணுக்கு மட்டும் திருத்துகிற வேலை இது, சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. இதற்காக நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கேட்பார்கள். சர்வே எண், கிராமத்தின் பெயர், இந்த உபயோகத்திலிருந்து அந்த உபயோகத்துக்கு என்று பொடி எழுத்தில் வரும். யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு சாதாரணக் குடிமகனின் கடிதத்தை வாங்கிக் கோப்பில் சேர்த்தே ஆக வேண்டிய கட்டம் இதுதான். கடைசி நாள் அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.

அந்தக் கடிதத்தில் "நெரிசல் அதிகமாகும்" என்று மட்டும் எழுதினால் போதாது. சாலை எத்தனை மீட்டர், அதில் எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு, மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, போன மழையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பள்ளிக்கூட வாசல் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். படம் இருந்தால் தேதியோடு இணையுங்கள்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்

அடுத்தது எஃப்.எஸ்.ஐ., அதாவது தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதற்கான எண். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதை மாநிலம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கின. சாதாரணக் கட்டடத்துக்கு முன்பு 1.5 இருந்தது, அது 2 ஆயிற்று. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். 18 மீட்டர் அகலச் சாலையில் அதற்கு 3.25 வரை போகலாம். இதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வேறு உண்டு. சாலை 9 மீட்டரிலிருந்து 12-க்குள் என்றால் கூடுதலாக 30 சதவீதம், 12-லிருந்து 18-க்குள் 40 சதவீதம், 18-ம் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 15 கிரவுண்ட் மனை, அதாவது 36,000 சதுர அடி. பழைய 1.5 விதிப்படி அதில் 54,000 சதுர அடி கட்டலாம். இன்று 18 மீட்டர் சாலையில் உயரமான கட்டடம் என்றால் 1,17,000. பிரீமியமும் முழுதாக வாங்கினால் 1,75,500 சதுர அடி. அதே மனை, அதே சாலை, அதே குடிநீர்க் குழாய்.

பிரீமியத்துக்கான கட்டணம் நிலத்துக்குப் பதிவுத் துறை குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதுபோக, உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்றையும் வசூலிக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் நம் தெருச் சாக்கடைக்குத்தான் என்று தோன்றும். வாங்கிய பணத்தை அதே தெருவில் செலவழித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடர்த்தியை நான் எதிர்ப்பவன் அல்ல. மேலே கட்டாவிட்டால் நகரம் பக்கவாட்டில் பரவி ஏரியையும் வயலையும்தான் தின்னும். சென்னையில் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அடர்த்தியை இங்கே விற்று, வடிகாலை வேறெங்கோ போடுவது என்ன நியாயம் என்று கேட்கத்தான் வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாலே வேண்டாம் என்பதைவிட இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பதில் வாங்க வாய்ப்பு அதிகம்.

இந்த எண்கள் எல்லாமே சாலை அகலத்தில் தொங்குகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே விண்ணப்பத்தில் காட்டிய அகலம் உண்மையா என்று பார்ப்பது அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. மனைக்கு முன்னால் மட்டும் அகலமாக இருந்து, பிறகு சுருங்கிப் போகிற சாலையை அந்த அகலத்துக்குக் கணக்கில் எடுக்க முடியாது. டேப் வைத்து அளந்து, எழுதிக் கொடுங்கள்.

உயரமான கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வரத்தான் அந்த இடம். 2017 மே 31 அன்று சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றிக்கொண்டு ஒரு நாளைத் தாண்டி எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் ஆகியோரின் தடையில்லாச் சான்றுகளை வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால், தி.நகரை நினைவுபடுத்துங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். சுமார் 2,15,000 சதுர அடி. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வண்டி நிறுத்துமிடம் சேராது. சுற்றுச்சூழல் கணக்கில் பேஸ்மென்ட் உட்பட எல்லாத் தளமும் சேரும். மேலே சொன்ன 1,75,500 சதுர அடி மாலுக்குக் கீழே தலா 25,000 சதுர அடியில் இரண்டு பேஸ்மென்ட் வந்தால், மொத்தம் 2,25,500 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். மொத்தப் பரப்பு 19,900 சதுர மீட்டர் என்று முடிகிற வரைபடத்தைப் பார்த்தால், பேஸ்மென்ட் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, அனுமதி வாங்கும்போது நம்மைக் கூப்பிடுவார்களா? மாட்டார்கள். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடக்கிற கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டடத் திட்டங்களுக்குக் கிடையாது. அந்த அறிவிக்கையே விலக்கு கொடுத்துவிட்டது. இதைத் தெரியாமல் "கூட்டம் எப்போது" என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் விண்ணப்பமும் அனுமதியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு அப்புறம் கதவு மூடியாயிற்று. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

தெருவுக்குச் சேர வேண்டியது

மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகளுக்கான இடம் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் வரை இடமாகத் தர முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் இடமாகவே தர வேண்டும், தானப் பத்திரம் எழுதி. அப்படிக் கொடுத்த இடம் பொதுச் சொத்து. மாலின் முன்தோட்டம் மாதிரி வேலி போட்டுக் காவலாளியை நிறுத்தியிருந்தால், பத்திர எண்ணைக் கேட்டு மாநகராட்சிக்கு எழுதலாம்.

வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. மாநிலம் முழுக்க 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலில் கூட்டினார்கள். அங்கே தீர்மானம் போடலாம், ஆனால் திட்ட அனுமதியை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

கட்டி முடித்த பின் பணி நிறைவுச் சான்று. மால் அளவுக் கட்டடத்துக்கு இதில் விலக்கு கிடையாது. சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் தரக்கூடாது. அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டினால் அதே 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் கொடுக்கலாம், வேலையை நிறுத்தலாம், சீல் வைக்கலாம். புகார் கொடுப்பதாக இருந்தால், திறப்பு விழாவுக்கு முன், சான்று கொடுக்காமல் இருக்கும்போதே கொடுங்கள். கடை திறந்து, நூறு பேருக்கு அங்கே வேலை என்று ஆகிவிட்டால் சீல் வைப்பது லேசில்லை. விதி மீறிக் கட்டியதைக் கட்டணம் வாங்கி ஏற்றுக்கொள்ள, வரன்முறைப்படுத்துதல் என்ற பெயரில் 1998-ல் ஒரே முறை என்று கொண்டுவந்த 113-ஏ பிரிவு, பல தடவை நீட்டிக்கப்பட்டு, 2006-ல் அந்த நீட்டிப்புகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தான கதை தி.நகர்க் கடைக்காரர்களுக்கு மனப்பாடம்.

எதற்கும் முதலில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, நில உபயோகம் என்ன, மாற்றம் கேட்டிருக்கிறார்களா, திட்ட அனுமதி எண்ணும் தேதியும், கணக்கில் எடுத்த சாலை அகலம், பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. எவ்வளவு, ஓ.எஸ்.ஆர். இடமாகவா பணமாகவா, அனுமதித்த வரைபடத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். சென்னை என்றால் சி.எம்.டி.ஏ.வின் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.