ஹெலிகாப்டரில் போய் எவரெஸ்ட்டில் இறங்கினால் என்ன ஆகும்?

கயிலாய யாத்திரைக்கோ லடாக் சுற்றுலாவுக்கோ உடல்தகுதிச் சான்று வாங்க வருகிறவர்கள், ரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் இப்படி ஏதாவது கேட்பார்கள். "எவரெஸ்ட் உச்சியில் நம்மை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் என்ன ஆகும், டாக்டர்?" "விமானம் அதைவிட உயரத்தில் பறக்கிறதே, அதில் ஏன் மூச்சு முட்டவில்லை?" "அங்கே சோறு வேகுமா?" சும்மா தோன்றுகிற கேள்விகள்தான். எனக்கு இவை பிடிக்கும். பயணம் போகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு இவற்றின் வழியாகவே போய்விடலாம்.

ஹெலிகாப்டர் அங்கே இறங்கியிருக்கிறது. 2005 மே 14 அன்று டிடியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி எவரெஸ்ட் உச்சியில் தரையிறங்கி, ஏறக்குறைய 4 நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினார். சமவெளியிலிருந்து நேராகப் போன ஒருவர் ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் அங்கே இறங்கிக்கொண்டால், சில நிமிடங்களில் நினைவு தப்பும். உடனே கீழே கொண்டுவராவிட்டால் உயிர் போகும்.

மலை உச்சியில் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னைக் கடற்கரையிலும் எவரெஸ்ட்டிலும் அது ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் அது கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் பாதி. 8,848 மீட்டர் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் நமக்குத் தெரிவதில்லை. சோற்றுக்கும் இதுதான் பதில்: உச்சியில் தண்ணீர் 70 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது.

திடீரென அவ்வளவு உயரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. 1875 ஏப்ரல் 15 அன்று 'செனித்' என்ற பலூனில் பாரிஸிலிருந்து மூன்று பேர் புறப்பட்டு 8,000 மீட்டரைத் தாண்டிப் போனார்கள். ஆக்சிஜன் பைகள் கூடவே இருந்தன. மேலே போனதும், அவற்றை எடுத்துச் சுவாசிக்கக் கை எழவில்லை. இருவர் இறந்துபோனார்கள். உயிர் தப்பிய காஸ்தோன் திஸ்ஸாந்தியே பிறகு எழுதியதுதான் என்னை உலுக்கியது. அந்த நேரத்தில் அவருக்குப் பயமே இல்லையாம், மனதில் ஒரு மகிழ்ச்சிகூட இருந்ததாம். ஆபத்தை உணர வேண்டிய மூளையே முதலில் மங்கிவிடுகிறது.

அப்படியானால் மலையேற்ற வீரர்களான மெஸ்னரும் ஹாபெலரும் 1978 மே 8 அன்று செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறியது எப்படி? 1999இல் பாபு சிரி ஷெர்பா அதே உச்சியில், அதேபோல ஆக்சிஜன் உருளை இல்லாமல் 21 மணி நேரம் தங்கியது எப்படி? உடலுக்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. மூச்சு ஆழமாகும், அதனால் ரத்தத்தில் மாறும் அமில காரச் சமநிலையைச் சிறுநீரகம் திருத்தும், சிவப்பணுக்கள் கூடும். இமயமலையிலேயே தலைமுறைகளாக வாழும் ஷெர்பாக்களுக்குப் பரம்பரையாக வந்த உடல்வாகும் துணை. அப்படியும் 8,000 மீட்டருக்கு மேல் எந்த உடலும் பழகுவதில்லை, நேரம் ஆக ஆகத் தேயும். அதனால்தான் அதை மரண மண்டலம் என்கிறார்கள்.

"நாங்கள் என்ன எவரெஸ்டா ஏறப்போகிறோம்?" என்று சிரிப்பார்கள். எனக்குக் கவலை வருவது இங்கேதான். ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற வேலையை நாம் நிஜமாகவே செய்துகொண்டிருக்கிறோம். டெல்லியிலிருந்து லேவுக்கு விமானம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. மறுநாளே கார்துங் லா கணவாய்க்குக் காரில் கூட்டிப்போகிறார்கள். அதன் உயரமும் எவரெஸ்ட் அடிவார முகாமின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நேபாளத்தில் நடை தொடங்கும் ஊரான லுக்லாவிலிருந்து அந்த முகாமுக்குப் போகிறவர்கள் வழியில் ஓய்வு நாள்களும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். லடாக் போனவர்களுக்கோ அடுத்த இரவு, 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் பாங்கோங் ஏரிக்கரையில் தூக்கம். கயிலாயத்துக்கு நேபாளம் வழியாகப் போகிறவர்கள் சமவெளியில் உள்ள நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட்டுக்கு விமானம், அங்கிருந்து ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர், அப்புறம் வண்டியில் மானசரோவர் என்று 4,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறார்கள். கயிலாயத்தைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். போகிறவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

தினமும் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்கிற இளைஞர்களுக்கும் சொல்கிறேன்: உடல் வலு இதில் காப்பாற்றாது. 1962 போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக இமயமலைக்கு ஏற்றப்பட்ட நம் படைவீரர்கள் ஏராளமானோர், உடல் பழகும் முன் உயரம் போவதால் வரும் மலைநோயில் விழுந்தார்கள். 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1969இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்றும் இத்துறையில் படிக்கப்படுகிறது. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவார், அதுவே அவருக்கு ஆபத்து.

புதிய உயரத்துக்குப் போனபின் தலைவலியோடு குமட்டலோ, அசதியோ, தலைசுற்றலோ வந்தால் அது மலைநோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறாதீர்கள். குழுவுக்குத் தொந்தரவு என்று மறைக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. பெரும்பாலும் இது இரண்டாம், மூன்றாம் இரவுகளில் முற்றும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், மூளை வீங்குகிறது. சந்தேகமாக இருந்தால், கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்வதுபோல ஒரு காலின் விரலோடு மறுகாலின் குதிகாலை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், அது நடுராத்திரியாக இருந்தாலும் அவரைக் கீழே இறக்கியாக வேண்டும். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவர் அடம்பிடிப்பார், அதைக் கேட்காதீர்கள். ஆக்சிஜன் உருளையும் மருந்தும் இறங்கும்வரை தாங்கிப்பிடிக்க மட்டுமே.

பச்சைக் கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறாது. அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும், ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் தாமாக வாங்கிப் போடக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் முதல் சில நாள்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்று எழுதி வாங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். விமானத்தில் லே போனால் முதல் இரண்டு நாள் ஊரைவிட்டு மேலே போகாதீர்கள். குழுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை யார், எந்த வண்டியில் கீழே கூட்டிப்போவார்கள் என்றும் கேளுங்கள். இதற்கு உடனே பதில் சொல்லத் தெரியாத அமைப்பாளரோடு போகாதீர்கள்.